நடுவயதில் காது மந்தமாகும்போது: பரிசோதனை முதல் கேட்புக் கருவி பழகுவது வரை முழுமையான வழிகாட்டி

"சத்தம் கேட்குது. என்ன சொல்றாங்கன்னுதான் புரியல." நாற்பது, ஐம்பது வயதில் காது மந்தமாகத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு இது சாக்குப்போக்காகத் தெரியலாம். உண்மையில் உள்காதில் நடப்பதும் இதுதான்.

உள்காதின் சுருளுக்குள் ஏறக்குறைய 15,000 மயிர்செல்கள் இருக்கின்றன. ஒலியை நரம்புக்குப் புரியும் மின்குறிப்பாக மாற்றுபவை அவைதான். வயது, இரைச்சல், சில மருந்துகள் என எதனால் அழிந்தாலும் அவை திரும்ப முளைப்பதில்லை. சுருளின் வாசல் பக்கம், கீச்சொலிகளை வாங்கும் செல்கள்தான் முதலில் போகும். அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகளில் தாழ்ந்த அலைவரிசை அதிகம் என்பதால் அவை தங்கிவிடும். சொல்லைப் பிரித்துக் காட்டும் க, ச, த, ப ஒலிகள் மங்கிவிடும். கட்டு, தட்டு, பட்டு மூன்றும் ஒன்றுபோலக் கேட்கும். கணவர் பேசினால் புரிகிறது, மகள் பேசினால் புரியவில்லை என்பதற்கும் காரணம் இதுவே. பெண்கள், குழந்தைகளின் குரலில் கீச்சொலி கூடுதல்.

கத்திப் பேசினால் ஏன் பயனில்லை என்பதும் இங்கேயே விளங்கும். பழுதான காதில் மெல்லிய ஒலி விழாது, உரத்த ஒலியோ வலிக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடம் குறுகிவிடுகிறது. கத்தும்போது உயிரொலிதான் பெரிதாகிறது. மங்கிப்போன வல்லினம் அப்படியே கிடக்கிறது.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

மெதுவாகக் குறைந்துவரும் காதுக்கு ஓரிரு வாரம் பொறுத்து நல்ல மருத்துவரைப் பார்க்கலாம். பின்வரும் நிலைகளில் பொறுக்கக் கூடாது.

ஒரே நாளிலோ மூன்று நாளுக்குள்ளோ ஒரு காது திடீரென்று அடைத்ததுபோல் ஆகிக் கேட்காமல் போனால் அது அவசரம். சளி அடைப்பு, தானாகத் திறந்துகொள்ளும் என்று விட்டுவிடுகிற தவறு இங்கேதான் அதிகம் நடக்கிறது. உள்காது நரம்புப் பாதிப்பாக இருந்தால் ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் சில நாள்களில் தொடங்குவது நல்லது. இரண்டு வாரம் தாண்டினால் பலன் வெகுவாகக் குறையும். அன்றோ மறுநாளோ இ.என்.டி. மருத்துவரிடம் போய், "திடீர்னு கேட்கல, எப்போதிலிருந்து" என்று நாள் சொல்லுங்கள். அன்றே ஆடியோமெட்ரி (கேட்புத் திறன் பரிசோதனை) எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அதோடு முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் மரத்தாலோ நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

ஒரு காது மட்டும் குறைந்துகொண்டே போவது, ஒரு காதில் மட்டும் இரைச்சல், தலைசுற்றல், சீழ், ரத்தம், நாடித்துடிப்போடு சேர்ந்து துடிக்கும் சத்தம் ஆகியவற்றையும் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு காதுக்கும் தெளிவான வித்தியாசம் இருந்தால் மருத்துவர் எம்.ஆர்.ஐ. எழுதலாம். கேட்கும் நரம்பில் கட்டி இருக்கிறதா என்று பார்க்கத்தான் அது. அந்தக் கட்டி அரிது, பெரும்பாலும் புற்றுநோய் வகையும் அல்ல. ஆனாலும் பார்த்துவிட வேண்டும்.

பரிசோதனைக்குப் போகுமுன்

பட்ஸ், ஹேர்பின், தீக்குச்சி எதையும் காதுக்குள் விடாதீர்கள். பட்ஸ் குறும்பியை வெளியே எடுப்பதைவிட உள்ளே தள்ளி இறுக்குவதுதான் அதிகம். சூடான எண்ணெய் விடும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். ஈரமும் எண்ணெயும் தங்கிய காதில் பூஞ்சை வரும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நடுக்காதுக்கே போய்விடும். குறும்பி இறுகியிருந்தால் மருத்துவர் சொல்லும் சொட்டுமருந்தைச் சில நாள் விட்டு இளக்கிய பிறகு, அவரே எடுத்துவிடுவார். சிலருக்கு இதிலேயே பாதிக் குறை தீர்ந்துவிடும்.

தறிக்கூடம், மில், டிரில்லிங், மேளம் என்று இரைச்சலில் வேலை செய்பவர்கள் விடுப்பு முடிந்து, வேலைக்குப் போகுமுன் காலையில் பரிசோதனை வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது 14 மணி நேரமாவது பெரிய சத்தத்திலிருந்து விலகியிருக்க வேண்டும். இல்லையென்றால் காதின் தற்காலிகக் களைப்பும் சேர்ந்து அளவு மோசமாகக் காட்டும்.

சாப்பிடும் மருந்துகளின் பட்டியலைக் கொண்டுபோங்கள். ஜென்டாமைசின், அமிகாசின், காசநோய்க்குப் போடும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகள், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின் ஆகியவை உள்காதைக் கெடுக்கக்கூடியவை. அதிக அளவு ஆஸ்பிரின் தரும் பாதிப்பு பெரும்பாலும் நிறுத்தினால் சரியாகும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரை, தைராய்டு, ரத்த அழுத்தம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

ஆடியோகிராமை நீங்களே படிப்பது

பரிசோதனை ஒலித்தடுப்பு அறையில் நடக்க வேண்டும். கல்யாண மண்டபத்து இலவச முகாமில் எடுத்த அளவை வைத்துக் கருவி வாங்காதீர்கள். சுற்றுச் சத்தமே முடிவைக் கெடுத்துவிடும்.

பரிசோதனை முடிவைக் கோடாக வரைந்த தாள்தான் ஆடியோகிராம். தாளில் இடமிருந்து வலமாக 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை சுருதி ஏறும். மேலிருந்து கீழாக டெசிபெல் ஏறும். கோடு எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு குறை. சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வு வைத்து எடுப்பது தனிக்குறி. காற்றுவழி அளவு கீழேயும் எலும்புவழி அளவு மேலேயும் பிரிந்து நின்றால் குறை வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்கிறது என்று பொருள். அதற்கு மருந்தோ அறுவைசிகிச்சையோ பயன்படலாம். குறிப்பாக நடுக்காதின் அங்கவடி எலும்பு இறுகும் ஓட்டோஸ்க்ளிரோசிஸ், நாற்பதுக்கு முன்பின் பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. அறுவைசிகிச்சையில் சிறு செயற்கைத் தண்டு வைத்துச் சரிசெய்ய முடியும். இரண்டு கோடும் ஒட்டியே இறங்கினால் அது உள்காது அல்லது நரம்புக் குறை.

500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸில் வந்த நான்கு டெசிபெல் அளவுகளையும் கூட்டி நான்கால் வகுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டின்படி 20 டெசிபெலுக்குக் கீழே இயல்பு. 20 முதல் 35க்குள் லேசானது, 35 முதல் 50க்குள் நடுத்தரம், 50 முதல் 65க்குள் சற்றுக் கடுமை, 65 முதல் 80க்குள் கடுமை, அதற்கு மேல் மிகக் கடுமை. கோடு 4000 அருகே பள்ளமாக விழுந்து 8000இல் மறுபடி ஏறினால், இரைச்சல் செய்த வேலை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

சராசரியைவிட முக்கியமான இன்னொரு எண்ணும் உண்டு. போதுமான உரப்பில் சொற்களைக் கேட்கவைத்து எத்தனை சதவீதம் சரியாகத் திருப்பிச் சொல்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். இதைச் செய்யாமலே கருவி விற்கும் கடைகள் நிறைய. தொண்ணூறு சதவீதம் வந்தால் கருவி நன்றாக உதவும் என்று நம்பலாம். ஐம்பதுக்குக் கீழே போனால், கருவி சத்தத்தைக் கூட்டினாலும் தெளிவு முழுதாக வராது. அது தெரிந்தே வாங்கினால் ஏமாற்றம் இல்லை. தமிழ்ச் சொற்பட்டியலில் எடுக்கச் சொல்லுங்கள்.

அறிக்கையைப் படம் எடுத்துத் தேதியோடு போனில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். 10 டெசிபெலுக்கு மேல் இறங்கியிருந்தால் கருவியைத் திரும்ப அமைக்க வேண்டியிருக்கும். ஓர் ஆண்டுக்குள் வேகமாக இறங்கினால் காரணம் தேட மீண்டும் மருத்துவரிடம் போங்கள்.

கருவி தேர்வு: காணாமல் இருப்பது முக்கியமா?

கருவி வாங்கத் தயங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "வெளியே தெரியாத மாதிரி இருக்கா?" என்றுதான். இருக்கிறது. காதுக்குழிக்குள் முழுதாக அடங்குபவை தெரியாது. ஆனால் அவற்றில் பேட்டரி சிறியது, குறும்பி சீக்கிரம் அடைக்கும், பெரும்பாலானவற்றில் திசை மைக் இருக்காது, சக்தியும் குறைவு. ஆண்டுக்காண்டு குறைந்துவரும் காதுக்கு இது பொருந்தாத தேர்வு என்பதே எங்கள் கருத்து. இரண்டு, மூன்று ஆண்டில் கருவியின் எல்லையைக் காது தாண்டிவிடும்.

காதுக்குப் பின்னால் உட்கார்ந்து, மெல்லிய கம்பி வழியாகக் காதுக்குள் சிறு ஸ்பீக்கர் போகும் வகை, ஆர்.ஐ.சி., பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். குறை கூடினால் கருவியை மாற்றாமல் ஸ்பீக்கரை மட்டும் அதிக சக்தியுள்ளதாக மாற்ற முடியும் என்பது இதன் பெரிய வசதி. கடுமையான குறைக்கும், சீழ் வடியும் காதுக்கும் குழாயும், காதின் அச்சில் செய்த மோல்டும் வைத்து, காதுக்குப் பின்னால் மாட்டும் பி.டி.இ. வகைதான் தாங்கும். எதுவானாலும், இன்றைய குறைக்கு மேலே இன்னும் 15, 20 டெசிபெல் இறங்கினாலும் ஈடுகொடுக்குமா என்று கேட்டே வாங்குங்கள்.

விலை ஒரு காதுக்குச் சில ஆயிரங்களில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும். சேனல் (சுருதிகளைக் கருவி பிரித்துக் கையாளும் பகுதி) எண்ணிக்கையை வைத்து விலையை ஏற்றிச் சொல்வார்கள். கூட்டத்தில் பேச்சு புரிய அதைவிட உதவுவது முன்னால் இருப்பவரின் குரலைக் கூடுதலாகப் பிடிக்கும் திசை மைக். அதற்குக் கொடுங்கள் காசை. போன் பேச்சு அதிகம் என்றால் புளூடூத். இரண்டு காதும் மந்தம் என்றால் இரண்டுக்கும் கருவி. ஒன்று மட்டும் போட்டால் சத்தம் எந்தப் பக்கம் வருகிறது என்பது தெரியாது, இரைச்சலில் பேச்சும் புரியாது. பணம் போதாதென்றால், விலை உயர்ந்த ஒன்றைவிட நடுத்தர விலையில் இரண்டு பெரும்பாலும் மேல்.

இணையத்தில் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைப்பவை வெறும் ஒலிபெருக்கிகள். தேவையான சுருதியை மட்டும் கூட்டாமல் எல்லாவற்றையும் கூட்டும். உச்ச அளவைக் கட்டுப்படுத்தாத ஒன்று மிச்சமிருக்கும் செல்களையும் கெடுக்கும்.

பொருத்துவதில்தான் முக்கால்வாசி வேலை

ஒரே கருவி ஓரிடத்தில் பொருத்தினால் வரம், இன்னோரிடத்தில் பொருத்தினால் பீரோவுக்குள். கருவி பொருத்துபவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்டா (கேட்பு நிபுணரா) என்று கேளுங்கள். பதிவு எண்ணைக் கேட்பதில் தப்பில்லை. பிறகு இவற்றையும் கேளுங்கள்.

காதுக்குழிக்குள் மெல்லிய குழாய் வைத்து, செவிப்பறை அருகே உண்மையில் எவ்வளவு ஒலி சேர்கிறது என்று அளப்பீர்களா? ஒவ்வொருவர் காதுக்குழியும் வேறு. அளக்காமல் கணினி தரும் உத்தேச அமைப்போடு விட்டுவிட்டால் கீச்சொலிகளுக்குத் தேவையான அளவு பெரும்பாலும் குறைந்தே போகும். எல்லா ஊரிலும் இந்த வசதி இல்லை. இருக்கும் இடத்துக்கு ஒரு நடை போய்வருவது வீணாகாது.

வீட்டில் ஒரு வாரம் போட்டுப் பார்க்கத் தருவீர்களா? எத்தனை முறை இலவசமாகத் திருத்துவீர்கள்? இந்தக் கருவியை வேறு ஊரில் உள்ள மையத்திலும் திருத்த முடியுமா, அல்லது உங்கள் மென்பொருளில் மட்டும்தானா? கடைசிக் கேள்வியைக் கேட்காமல் வாங்கியவர்கள் ஊர் மாறியதும் சிக்கிக்கொள்கிறார்கள்.

முதல் ஆறு வாரம்

மூளை பல ஆண்டாகக் கேட்காத ஒலிகளைத் திடீரென்று பெறுகிறது. மின்விசிறி இரையும், செய்தித்தாள் சரசரக்கும், எவர்சில்வர் டம்ளரை மேடையில் வைத்தால் காதில் குத்தும். இதைக் கேட்டுப் பயந்து கழற்றி வைப்பவர்கள் பலர்.

முதல் வாரம் வீட்டுக்குள், அமைதியான அறையில், நாளுக்கு மூன்று நான்கு மணி நேரம். ஒருவரோடு மட்டும் பேசுங்கள். செய்தித்தாளை வாய்விட்டுப் படியுங்கள். உங்கள் குரலுக்கே நீங்கள் பழக வேண்டும். இரண்டாம் வாரம் டிவி செய்தி, இரண்டு மூன்று பேரோடு பேச்சு. மூன்றாம் வாரம் கடைத்தெரு, பேருந்து. நான்காம் வாரத்திலிருந்து விழித்திருக்கும் நேரமெல்லாம். கல்யாண மண்டபத்தையும் திருவிழாவையும் கடைசிக்கு வையுங்கள். முதல் நாளே மண்டபத்துக்குப் போட்டுக்கொண்டு போவதுதான் கருவியை வெறுக்கக் குறுக்குவழி.

இரண்டு, மூன்று வாரத்தில் திருத்தத்துக்குப் போகும்போது "சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. குறித்து வைத்துச் சொல்லுங்கள். பாத்திரச் சத்தம் குத்தினால் உரத்த ஒலிகளுக்கான அளவைக் குறைப்பார். உங்கள் குரலே குடத்துக்குள் பேசுவதுபோல் இருந்தால் மோல்டில் உள்ள காற்றுத் துளையைப் பெரிதாக்குவார் அல்லது திறந்த டோம் (காதுக்குள் போகும் மெல்லிய ரப்பர் தொப்பி) தருவார். மெல்லும்போது கீச்சென்று கத்தினால் மோல்டு தளர்ந்திருக்கும், அல்லது காதில் குறும்பி சேர்ந்திருக்கும். காதுக்குழி புண்ணானால் பொறுத்துக்கொள்ளாதீர்கள்; மோல்டைத் தேய்த்துத் தருவது அவர் வேலை.

பேட்டரி, வியர்வை, எண்ணெய்

சிங்க்-ஏர் பேட்டரிகளின் ஒட்டுக்காகித நிறத்தை வைத்தே அளவைச் சொல்லிவிடலாம்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். காகிதத்தை உரித்ததும் காற்று உள்ளே போய் வேதிவினை தொடங்கும். அதனால் உரித்து இரண்டு முதல் ஐந்து நிமிடம் காற்றில் வைத்துவிட்டுப் போடுங்கள். உரித்தபின் திரும்ப ஒட்டினாலும் தீர்ந்துகொண்டுதான் இருக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைப் பூட்டி வையுங்கள். விழுங்கிவிட்டால் உடனடியாக மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

கடலோர ஊர்களில் கருவியின் முதல் எதிரி ஈரப்பதம். இரவில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, கருவியை மட்டும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். மணிகளின் நிறம் மாறினால் புதிது போட வேண்டும். எண்ணெய்க் குளியல், தலைச்சாயம், முகப்பவுடர், ஸ்ப்ரே எல்லாவற்றுக்கும் முன்பு கழற்றுங்கள். பவுடர் மைக் துளையை அடைத்துவிடும். ஹெல்மெட் போடும்போதும் கழற்றிப் பெட்டியில் வைப்பதே நல்லது. முகக்கவசம் கழற்றும்போது கருவியும் சேர்ந்து போய்விடும், கவனம்.

சத்தம் வரவில்லையென்றால் இந்த வரிசையில் பாருங்கள்:

1. புதுப் பேட்டரி போடுங்கள்; கூட்டல் குறி மேலே இருக்கிறதா?
2. டோமையோ மோல்டையோ வெளிச்சத்தில் பாருங்கள். குறும்பி இருந்தால் கருவியோடு வந்த தூரிகையால், துளை கீழே பார்க்கும்படி பிடித்துத் துடையுங்கள்.
3. ஆர்.ஐ.சி.யாக இருந்தால் குறும்பி வடிகட்டியை மாற்றுங்கள்.
4. மோல்டுக் குழாயில் நீர்த்துளி நின்றால் ஊதும் பந்தால் ஊதி வெளியேற்றுங்கள். குழாய் மஞ்சளாகி விறைத்திருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.
5. உள்ளங்கையில் மூடிப் பிடியுங்கள். உயிரோடு இருந்தால் பெரும்பாலும் கீச்சென்று கத்தும். கத்தாவிட்டால் மையத்துக்குக் கொண்டுபோங்கள்.

வீட்டிலும் வேலையிலும்

பேசுபவரிடமிருந்து இருக்கும் தூரம் இரட்டிப்பானால், திறந்த வெளியில் ஒலி 6 டெசிபெல் குறையும். சமையலறையிலிருந்து கூடத்துக்குக் கூப்பிடுவதை வீட்டில் எல்லோரும் நிறுத்த வேண்டும். ஒரு மீட்டருக்குள் வந்து, பெயர் சொல்லி, முகம் பார்த்து, இயல்பான குரலில், சற்று நிதானமாக. புரியாவிட்டால் அதே சொல்லைத் திருப்பிக் கத்தாமல் வேறு சொல்லில் சொல்ல வேண்டும். உதட்டைப் பார்ப்பது உதவும், அதற்கும் எல்லை உண்டு: பாடு, மாடு இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடும். மொசைக், டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் எதிரொலியைக் கூட்டும். திரைச்சீலையும் பாயும் குறைக்கும். பேசும்போது மிக்சியும் டிவியும் ஓட வேண்டாம்.

"என்ன?" என்று கேட்பதைவிட, கேட்டதைச் சொல்லி விட்டதைக் கேளுங்கள்: "செவ்வாய்க்கிழமை சரி, எத்தனை மணிக்குன்னு சொன்னீங்க?" எதிரில் இருப்பவருக்கு எரிச்சல் வராது. கேட்டதுபோல் தலையாட்டுவது மட்டும் வேண்டாம். எண்பதா எண்ணூறா என்ற குழப்பத்தில் பணமே போகும். தொகை, தேதி, மருந்தளவு மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

அலுவலகத்தில் முதலில் ஒருவரிடமாவது சொல்லுங்கள்: "எனக்குக் காது கொஞ்சம் மந்தம், என்னைப் பார்த்துப் பேசுனா போதும்." கூட்டத்தில் சுவருக்கு முதுகு கொடுத்து, ஏசிக்கும் ஜன்னலுக்கும் தள்ளி, எல்லோர் முகமும் தெரியும் இடத்தில் உட்காருங்கள். ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி தமிழ்ப் பேச்சையும் எழுத்தாகக் காட்டும். பிழைகள் வரும், ஆனாலும் வங்கியிலும் மருத்துவமனையிலும் கைகொடுக்கும். பி.டி.இ., ஆர்.ஐ.சி. போட்டவர்கள் போனைக் காதுத்துளையில் வைக்காமல், காதுக்கு மேலே மைக் இருக்கும் இடத்தில் சாய்த்து வைக்க வேண்டும்.

காதுக்குள் ஓயாமல் கேட்கும் இரைச்சலுக்கு மாத்திரையால் நிலையான தீர்வு கிடையாது. கருவி போட்டதும் பலருக்கு அது பின்னுக்குப் போகும். இரவில் மெல்லிய மின்விசிறிச் சத்தமோ மழைச்சத்தமோ ஓடவிடுங்கள்.

மிச்சத்தைக் காப்பது

85 டெசிபெலில் எட்டு மணி நேரம் எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும்: 88இல் நான்கு மணி, 100இல் கால் மணி நேரம்தான். விசைத்தறிக்கூடத்திலும் மேடை ஸ்பீக்கர் முன்பும் இது சுலபமாகத் தாண்டும். பஞ்சு வைத்துக்கொள்வது பெயருக்குத்தான். ஃபோம் அடைப்பானை மெல்லியதாக உருட்டி, மறுகையால் காதை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போட்டும் போடாத மாதிரி.

லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு 2017, 2020, 2024 அறிக்கைகள் மூன்றிலும் நடுவயதுக் கேட்புக்குறையை, மாற்றக்கூடிய மறதிநோய் அபாயங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. காது மந்தமானவர் எல்லோருக்கும் மறதிநோய் வரும் என்று பொருள் அல்ல. ஆனால் தள்ளிப்போடாமல் இருக்க இது ஒரு நல்ல காரணம்.

சட்டமும் உதவியும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபெல் குறையைக் கேட்கும் திறன் குறைவு என்றும், 70 டெசிபெல் குறையைக் காது கேளாமை என்றும் வகுக்கிறது. ஊனச் சான்றுக்கும், யு.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம். கருவி உதவிக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். மைசூருவில் உள்ள அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிறுவனத்தில் முழுமையான பரிசோதனை கிடைக்கும்.

அரசு வேலையில் இருக்கும்போது குறை வந்தால் அதைக் காரணம் காட்டிப் பணிநீக்கமோ பதவிக்குறைப்போ செய்யக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 20(4) பிரிவு சொல்கிறது. தொழிற்சாலை இரைச்சலால் வந்த கேட்புக்குறை, சட்டப்படியான தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. வேலையில் சேர்ந்தபோது எடுத்த ஆடியோகிராம் இருந்தால் பத்திரமாக வையுங்கள்; இழப்பீடு கேட்கும்போது அதுதான் சாட்சி.

கருவியும் போதாமல் போனால்

நன்றாகத் திருத்திய சக்திவாய்ந்த கருவி இரண்டு காதிலும் இருந்தும், எதிரில் இருப்பவரின் முகம் பார்க்காமல் பேச்சு பாதிகூடப் புரியவில்லை என்றால் காக்ளியர் இம்ப்ளான்ட் பற்றிக் கேட்கும் நேரம் அது. அறுவைசிகிச்சையில் உள்காதுச் சுருளுக்குள் மின்முனைகளை வைத்து நரம்பை நேரடியாகத் தூண்டுவார்கள். பெரியவர்களுக்கும் செய்கிறார்கள். அரசுத் திட்டங்கள் பெரும்பாலும் குழந்தைகளுக்கானவை என்பதால் பெரியவர்களுக்குப் பல லட்சம் செலவாகும். காப்பீட்டில் வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சுவிட்ச் போட்ட முதல் நாள் குரல்கள் இயந்திரம் பேசுவதுபோல இருக்கும். பல மாதப் பயிற்சியில் தெளியும். கேட்காமலே கிடந்த ஆண்டுகள் கூடக்கூடப் பலன் குறையும் என்பதால், அந்த நிலை வரும்வரை கருவியைக் கழற்றிவிடாமல் போட்டு நரம்பைப் பழக்கத்தில் வைத்திருங்கள்.